ஒருவர் கைக்குப் பழகிய கணினி

அந்தக் கணினியை நானும் மனைவியும் சேர்ந்துதான் வாங்கினோம். கல்யாணம் முடித்த முதல் வருடம், கொழும்பில் ஒரு கடையில் வாங்கி, திரைப் பெட்டியை அவளும் மற்றப் பெட்டியை நானும் மடியில் வைத்தபடி மன்னார் பஸ்ஸில் ஏறினோம். மதவாச்சி தாண்டும்வரை பெட்டிக்கு அடிபடக்கூடாது என்று அவள் நித்திரை கொள்ளவில்லை.

அப்போது அவள் மன்னாரில் தாதியாக வேலை செய்தாள். நான் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே மென்பொருள் எழுதத் தொடங்கியிருந்தேன். கீரிக் கடற்கரைக்குப் போகும் வழியில் எங்கள் வீடு. பகலில் கணினி எனக்கு, பின்னேரம் அவளுக்கு. ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்தது, நேர்முகத்துக்குப் பழகியது, இங்கிலாந்தில் உள்ள ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பம் அனுப்பியது எல்லாம் அவள் அதில்தான் செய்தாள். வேலை கிடைத்ததும் போனாள். நாட்டுப் பொருளாதாரம் அப்போது இருந்த நிலையில் அவளோடு படித்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். நான் இங்கேயே நின்றேன். கொஞ்ச நாளில் நானும் போவது என்றுதான் பேச்சு. அந்தக் கொஞ்ச நாள் மூன்றாவது வருடத்துக்குள் வந்துவிட்டது.

அவள் போனபோது கணினித் திரை அவள் விட்டபடியே இருந்தது. முருங்கனில் அவளுடைய அம்மா வீட்டுக்குப் பின்னால் உள்ள வயல்தான் பின்னணிப் படம். அதற்கு மேல் அவளுடைய கோப்புறைகள் வரிசையில்லாமல் கிடந்தன. நான் முதலில் எதையும் தொடவில்லை.

முதல் மாற்றம் ஒரு வலியால் வந்தது. நாள் முழுக்கக் கன்ட்ரோல் விசையை அமத்தி அமத்தி இடது சுண்டுவிரல் நோகத் தொடங்கியது. நான் ஒருபோதும் பாவிக்காத கேப்ஸ் லாக் விசையைக் கன்ட்ரோலாக மாற்றினேன். அமைப்புக் கோப்பில் ஒரேயொரு வரிதான். விரல் நோ ஒரு கிழமையில் நின்றது. அந்த வரிக்கு மேலே, "சுண்டுவிரல் நோவுக்காக" என்று குறிப்பும் எழுதி வைத்தேன். கணினியைத் தன் வசதிக்குத் திருத்துகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். அந்த வரி என்ன செய்கிறது என்று எழுதாதீர்கள், அதை வாசித்தே அறியலாம். ஏன் எழுதினீர்கள் என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து உங்களுக்கே அது மறந்துபோகும்.

அதன்பிறகு நிறுத்த முடியவில்லை. மவுஸுக்குக் கை நீட்டுவது வீண் என்று பட்டது, எல்லாவற்றையும் விசைகளுக்குக் கொண்டுவந்தேன். ஜன்னல்கள் தாமே பக்கம் பக்கமாக அடுக்கிக்கொள்ளும்படி செய்தேன். படம் தேவையில்லை, திரையைக் கறுப்பாக்கினேன். அவளுடைய கோப்புறைகளை ஒன்றாகக் கட்டி வேறோர் இடத்தில் பத்திரமாக வைத்தேன். திரும்பத் திரும்பச் செய்கிற வேலைகளுக்கெல்லாம் ஆங்கில எழுத்தில் இரண்டெழுத்துக் கட்டளைகள் வைத்தேன். காலையில் "வா" என்று அடித்தால் வேலைக்கு வேண்டிய அத்தனையும் அதனதன் இடத்தில் திறக்கும். பின்னேரம் "போ" என்று அடித்தால் எல்லாம் சேமிக்கப்பட்டு மூடும். சில நாட்களில் நான் யாரையாவது வா என்றும் போ என்றும் சொன்னது அவ்வளவுதான்.

மின்சாரம் போனால் கணினி தானாக என்னென்ன செய்ய வேண்டும் என்று கட்டளைகளை அடுக்கி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். யூபிஎஸ் பெட்டி மின் நின்ற செய்தியைக் கணினிக்குச் சொல்லும். ஸ்கிரிப்ட் உடனே என் வேலையை இணையத்தில் உள்ள களஞ்சியத்துக்கு அனுப்பி, திரை வெளிச்சத்தைக் குறைத்து, என் வேலைக் குழுவின் அரட்டைப் பக்கத்தில் "மின் இல்லை, பிறகு வருகிறேன்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டுவிடும். இணையம் படுத்தால் கைபேசி இணைப்புக்கு மாற்றுவது இன்னொரு ஸ்கிரிப்ட். பழைய கோப்புகளைத் துடைப்பது மற்றொன்று. துடைக்கிற ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் முதலில் அது எவற்றைத் துடைக்கப் போகிறது என்று பெயர்களை மட்டும் திரையில் காட்ட வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் அந்தப் பெயர்களைப் பார்த்து மனம் ஆறிய பிறகுதான் துடைக்க விட வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். அதனால் எதையும் இழக்கவில்லை.

ஒரு முறை, வருகிற செய்திகளைக் கணினியே வாசித்துச் சொல்லும்படி செய்தேன். ஒரு பெண் குரல். கண்ணுக்கு ஓய்வாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு கிழமை நன்றாகத்தான் போனது. ஒரு நாள் மத்தியானம் அது, கூட்டம் தொடங்கப் போகிறது என்று சொன்னது. நான் குசினியிலிருந்து, "ஓம், வாறன்," என்றேன். சட்டியைக் கிளறிக்கொண்டு நின்ற கை அப்படியே நின்றது. அன்றைக்கே அந்தக் குரலை நிறுத்தினேன்.

இன்னொரு சின்னத் திருத்தமும் இருந்தது. மனைவிக்கு மாதா மாதம் வேலை நேரம் மாறும். இரவு டியூட்டி, பகல் டியூட்டி, ஓய்வு நாள் என்று அவள் படம் எடுத்து அனுப்புவாள். நான் அதை ஒரு கோப்பில் எழுதி, திரையின் வலது மூலையில் ஒரு சொல் மட்டும் தெரியும்படி செய்திருந்தேன். "டியூட்டி" அல்லது "நித்திரை" அல்லது "ஓய்வு". "ஓய்வு" என்று வந்தால் எடுத்துக் கதைக்கலாம். வேலைக்கு நடுவே கண் அங்கே போய்ப் போய் வரும். இப்படி ஒன்று இருப்பதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

மடு மாதா திருவிழாவுக்கு நிற்கக்கூடியதாக ஆவணியில் விடுமுறை எடுத்து அவள் வந்தாள். விமான நிலையத்தில் கண்டபோது மெலிந்திருந்தாள், ஆனால் நடை வேகமாகியிருந்தது. வீட்டுக்குள் வந்து ஒவ்வோர் அறையாகப் பார்த்தாள். சாப்பாட்டு மேசை சுவரோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு கதிரை மட்டும்தான் அதன் பக்கத்தில். மற்றக் கதிரைகள் எங்கே என்று கேட்டாள். அறைக்குள் அடுக்கியிருந்ததை எடுத்துவந்து துடைத்துப் போட்டேன்.

வந்த இரண்டாம் நாள் காலையில் நான் கரைக்குப் போய்ப் பாரை மீன் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவள் கணினிக்கு முன்னால், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"இஞ்சருங்கோ, இது பழுதாப் போச்சோ?"

"இல்லையப்பா. என்ன செய்தனீர்?"

"நான் ஒண்டும் செய்யேல்லை. கறுப்பாக் கிடந்தது. கீபோர்ட்டில தட்டினன். என்னென்னவோ வந்து வந்து மறைஞ்சுது. மவுஸ் எங்க?"

"மவுஸ் தேவையில்லை. இதையும் இதையும் சேர்த்து அமத்தும். சின்னப் பெட்டி ஒண்டு வரும். அதில ரெண்டு எழுத்து அடியும்."

அவள் வார்டுக்கு ஒரு பத்திரம் அனுப்ப வேண்டியிருந்தது. அது போனில் திறக்கவில்லை. நான் மீன் பையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அடித்தாள். பத்திரம் திறந்தது. தன் பெயரைப் பெரிய எழுத்தில் அடிக்கக் கேப்ஸ் லாக்கை அமத்தினாள். அமத்திக்கொண்டு அடுத்த எழுத்தைத் தட்டியதும் பக்கமே மூடிப் போனது.

"பெரிய எழுத்துக்கு இதைத்தானே அமத்திறது?"

"அதை மாத்தி வச்சிருக்கிறன்."

"ஏன்?"

"விரல் நொந்தது."

என் முகத்தைப் பார்த்தாள். "அதை எனக்குச் சொல்லேல்லையே," என்றாள். பிறகு எழும்பிக் கதிரையை எனக்கு விட்டாள். "நீங்களே அனுப்புங்கோ. நான் சொல்லுறன்."

நான் கையைக் கழுவிவிட்டு வந்து இருந்து, அவள் சொன்னதை அடித்தேன். அவள் எனக்குப் பின்னால் நின்றாள். பத்திரம் போன பிறகும் போகாமல் நின்றாள்.

"அது என்ன, அந்த மூலையில?"

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. விடுமுறையைக் கோப்பில் எழுத மறந்திருந்தேன். மூலையில் "நித்திரை" என்று இருந்தது.

"உம்மட டியூட்டி நேரம்," என்றேன். "நீர் அனுப்பிறதைப் பார்த்து எழுதி வைப்பன். இப்ப அங்க விடியேல்லை. அதால அப்பிடிக் காட்டுது."

அவள் குனிந்து அந்தச் சொல்லை வாசித்தாள்.

"நான் நித்திரையாம்," என்றாள்.

என் தோளில் கை வைத்தாள். மீன் பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். செதில் சீவுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே கேட்டாள்.

"எப்ப தொடக்கம் அது?"

"நீர் போன முதல் மாசத்தில இருந்து."

சத்தம் நின்று, பிறகு தொடர்ந்தது.

நேர மாற்றத்தால் அந்த நாட்களில் அவள் மத்தியானம் சாப்பிட்டதும் அடித்துப்போட்டதுபோல் நித்திரை கொண்டாள். அந்த நேரங்களில் நான் அவளுக்காகக் கணினியில் தனிக் கணக்கு ஒன்றை உண்டாக்கினேன். அவள் பெயரைச் சொடுக்கினால் அவளுடைய திரை வரும், என்னுடைய திருத்தங்கள் எதுவும் அங்கே தலை காட்டாது. கேப்ஸ் லாக் மறுபடி கேப்ஸ் லாக்காகவே வேலை செய்தது. அலுமாரிக்குள் கிடந்த மவுஸை எடுத்துத் துடைத்தேன். உப்புக் காற்றில் அதன் செருகு முனை கறுத்திருந்தது. அழிறப்பரால் தேய்த்ததும் வேலை செய்தது. கட்டி வைத்திருந்த அவளுடைய கோப்புறைகளை அவிழ்த்துப் பழைய இடங்களில் போட்டேன். வயல் படத்தையும் போட்டேன். தமிழ் அடிக்க அவள் பாமினி முறைதான் பழகியவள், அதையும் சேர்த்தேன். ஒரே கணினியை இரண்டு பேர் பாவித்தால் ஒருவர் பழக்கத்துக்குள் மற்றவரை நெருக்காமல் ஆளுக்கொரு கணக்கு வைப்பது நல்லது. நான் முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது. ஆனால் அவள் போன பிறகு இரண்டு பேர் என்ற கேள்வியே எழவில்லை.

எழும்பி வந்ததும் காட்டினேன். சிரித்தாள். இருந்து, "கீரிப் பாரை நல்ல ருசி" என்று பாமினியில் ஒரு வரி அடித்தாள். ஒரு பிழையும் விடவில்லை. அந்த ஒரு வரியைத் தன் கோப்புறைக்குள் சேமித்தும் வைத்தாள்.

அதற்குப் பிறகு சில நாட்கள் அவள் கணினியைப் பாவித்தாள். மாதா பாடல்களைப் போட்டுவிட்டுச் சமைத்தாள். பழைய படங்களைப் பார்த்தாள். நான் வேலைக்கு இருக்கப் போனால் அவளுடைய திரை திறந்திருக்கும். என் பக்கத்துக்கு மாறச் சில நொடி பிடிக்கும். அந்தச் சில நொடிகள் எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தன. பிறகு, காலையில் வந்து பார்த்து அவளுடைய வயல் திறந்திருந்தால் உடனே மாறாமல் கொஞ்சம் இருந்துவிட்டு மாறினேன்.

ஒரு நாள் அவள் கேட்டாள், "இவ்வளவும் செய்து வச்சிருக்கிறியள். இந்த மெஷின் பழுதானா எல்லாம் போயிடுமே?"

எனக்குப் பெருமையாக இருந்தது. இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"போகாது. எல்லாத் திருத்தமும் ஒரே ஒரு கோப்புறைக்குள்ளதான். அதின்ர பிரதி வேற இடத்திலயும் கிடக்கு. புது மெஷின் ஒண்டில ஒரேயொரு கட்டளை அடிச்சாப் போதும். எங்க வச்சு அடிச்சாலும், தேத்தண்ணி ஆறமுதல் இதே மாதிரி எழும்பும்."

"எங்க வச்சும்?"

"எங்க வச்சும்."

தலையாட்டிவிட்டுப் போனாள்.

திருவிழாவுக்கு முருங்கனிலிருந்து அவளுடைய அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு வாடகை வான் ஒன்றில் மடுவுக்குப் போனோம். மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்தோம். எங்களைச் சுற்றிச் சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்துச் சனம். பக்கத்துக் கூடாரத்துச் சிங்கள அம்மா ஒருவர் அவித்த கடலை கொண்டுவந்து தந்தார். மனைவி அவரோடு சிங்களத்தில் நெடுநேரம் கதைத்தாள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. இவ்வளவு சனத்துக்கு நடுவில் நான் இருந்து நெடுங்காலம். யாராவது என்னோடு கதைத்தால் பதில் வாய்க்கு வர நேரம் எடுத்தது. வருவதற்குள் அவர்கள் வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள்.

மத்தியானம் மாமாவும் மாமியும் பாயில் சாய்ந்துவிட்டார்கள். அவள் கோயிலுக்குள் நெடுநேரம் முழங்காலில் இருந்துவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

"அண்டைக்குச் சொன்னனீங்கள், எங்க வச்சாலும் எழும்பும் எண்டு."

"ஓம்."

"அப்ப நீங்கள் ஏன் வரேல்லை?"

நான் வீட்டைச் சொன்னேன். பூட்டிக் கிடந்தால் உப்பில் இரும்பெல்லாம் போய்விடும். "வீட்டை அப்பா கிழமைக்கு ஒருக்காப் போய்ப் பார்ப்பார், நான் கேட்டனான்," என்றாள். நிறுவனத்தைச் சொன்னேன். "அவையளுக்கு நீங்கள் எங்க இருந்தா என்ன? அவையள் உங்களை ஒரு நாளும் நேரில கண்டதில்லையே." குளிரைச் சொன்னேன். ஒலிபெருக்கியில் செபமாலை தொடங்கியது. அவள் தன் செபமாலையை எடுத்தாள்.

"நான் சண்டைக்குக் கேக்கேல்லை," என்றாள். "எனக்கு விளங்கேல்லை, அதுதான்."

எனக்கும் விளங்கவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். செபத்துக்குப் பதில் சொல்வதில் சேர்ந்துகொண்டேன்.

விடுமுறை முடிந்து அவள் போனாள். விமான நிலையத்தில் உள்ளே போகும்போது, "அந்தக் கதிரையளைத் திரும்ப உள்ள அடுக்காதேங்கோ," என்றாள். திரும்பி வந்த அன்று வீட்டில் குசினிப் பக்கம் அவள் பாவித்த இஞ்சி வாசம் இன்னும் இருந்தது. கணினியைப் போட்டேன். இரண்டு பெயர்கள் வந்தன. என் பெயரைத் தெரிவு செய்தேன்.

அவளிடம் சொன்னது உண்மைதானா என்று பார்க்கும் எண்ணம் சில நாள் கழித்து வந்தது. பழைய மடிகணினி ஒன்று இருந்தது. அதை முழுவதும் வெறுமையாக்கிவிட்டு, அந்த ஒரே கட்டளையை அடித்தேன். தேநீர் போட்டுக்கொண்டு வந்து பார்த்தேன். பாதியில் நின்றிருந்தது. யூபிஎஸ் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தது. அந்தப் பகுதியை எடுத்தேன். அடுத்து, எங்கள் வீட்டு ரூட்டரைத் தேடி நின்றது. அதற்கடுத்து, எங்கள் வீட்டு அச்சு இயந்திரத்தை. ஒவ்வொன்றாக எடுத்தால் வேறொன்று முளைத்தது. எங்கே வைத்தாலும் எழும்பும் என்று நான் நம்பியிருந்த ஸ்கிரிப்ட், இந்த வீட்டின் இந்த மேசையில் மட்டும்தான் எழும்பும்.

இது பலருக்கும் நடக்கிறது என்று இப்போது தெரியும். எழுதிய கணினியிலேயே ஓட்டிப் பார்த்தால் எந்த ஸ்கிரிப்டும் ஓடும். வெறுமையான ஒன்றில் ஓட்டிப் பார்க்காதவரைக்கும் அது ஓடும் என்று யாருக்கும் சொல்லக்கூடாது. திருத்தங்களை இரண்டாகப் பிரித்து வைக்க வேண்டும். என் பழக்கத்துக்கானவை ஒரு கோப்பில், இந்த இடத்துக்கானவை இன்னொரு கோப்பில். இடத்துக்கான கோப்பு இல்லாவிட்டாலும் மற்றது தன்பாட்டில் எழும்ப வேண்டும்.

வேலை முடிந்த பின்னேரங்களில் ஒவ்வொரு வரியாக எடுத்துப் பார்த்து, இது எனக்கானதா வீட்டுக்கானதா என்று பிரித்தேன். சிலவற்றைப் பிரிக்கவே முடியவில்லை. மேற்குப் பார்த்த ஜன்னலுள்ள இந்த வீட்டில் பின்னேர வெயில் நேரே திரையில் அடிக்கும். அந்த நேரத்தில் எழுத்தைப் பெரிதாக்க ஒரு வரி இருந்தது. அது என் கண்ணுக்கா, இந்த ஜன்னலுக்கா? ஜன்னலுக்கு என்று முடிவு செய்தேன். அவளுடைய டியூட்டிச் சொல்லை யோசிக்காமல் எனக்கான கோப்பில் போட்டேன். வாடைக்காற்று தொடங்குவதற்குச் சற்று முன்னர், மடிகணினியில் அந்த ஒரே கட்டளை தடங்கல் இல்லாமல் ஓடி முடிந்தது. கறுப்புத் திரை வந்தது. "வா" என்று அடித்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் திறந்தன.

மூலையில் "ஓய்வு" என்று இருந்தது. உடனே அவளை அழைத்தேன்.

"ஓடிட்டுது," என்றேன்.

"என்ன ஓடினது?"

சொன்னேன். பாதியில் நின்றது, பிரித்து எழுதியது, ஓடியது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவளுக்குப் பின்னால் கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது.

"நல்லது," என்றாள். "ஆனா நான் மடுவில கேட்டது மெஷினைப் பற்றி இல்லையே."

"தெரியும்."

"தெரிஞ்சா சொல்லுங்கோவன்."

நான் வாசல் பக்கம் பார்த்தபடி இருந்தேன். வேலிக்கு வெளியே கழுதைகள் இரண்டு நின்றன. சொல்லாமல் இருந்தால் இன்னும் மூன்று வருடம் இருப்பேன் என்று தோன்றியது.

"அங்க வந்தா நீர் டியூட்டிக்குப் போயிடுவீர்," என்றேன். "நீர் வந்து நித்திரை கொள்ளுவீர். அவ்வளவு நேரமும் நான் ஒரு அறைக்குள்ள. எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது. நான் ஆரோட கதைக்கிறது?"

"இஞ்ச ஆரோட கதைக்கிறியள்?"

யோசித்தேன். உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"பாண்காரரோட."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். அடக்கப் பார்த்தும் முடியாமல் சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. பின்னேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் பேக்கரிப் பாண் கொண்டுவருகிற மனிதரும் நானும் ஒரு நாளில் பேசுவது ஏழெட்டுச் சொல். மாலுபாண் இருக்கோ, இருக்கு, மிச்சம் இந்தாங்கோ, சரி வாறன்.

"இஞ்சயும் பாண் விக்கினம்," என்றாள், சிரிப்பு அடங்கியும் அடங்காமல்.

"பாட்டுப் போட்டுக்கொண்டு வருவினமோ?"

"இல்லை. நாங்கள்தான் போய் வாங்க வேணும்."

பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். தனக்கும் அங்கே முதல் குளிர்காலத்தில் பேச ஆள் இருக்கவில்லை. நோயாளிகளோடு பேசுவது பேச்சில் சேராது. அறைக்கு வந்து ஆடை மாற்றாமல் கட்டில் ஓரத்தில் இருந்து அழுதாளாம். அந்த மாதங்களில் நான் எடுத்தபோதெல்லாம், எல்லாம் நல்லம் என்றுதான் சொன்னாள். என் திரையில் அப்போது "ஓய்வு" என்று இருந்திருக்கும்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் என்ன செய்திருப்பியள், அவ்வளவு தூரத்தில இருந்து?"

அன்றைக்கு நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். சித்திரையில் நான் போவது, முதலில் இரண்டு மாதத்துக்கு மட்டும். குளிரும் குறைந்திருக்கும். பிடித்தால் பார்ப்பது. அதுவரை இப்படித் தனியே கிடக்க வேண்டாம், கிழமையில் மூன்று நாளாவது முருங்கனுக்குப் போய் அம்மா வீட்டில் இருந்து வேலை செய்யுங்கள் என்றாள். "எங்க வச்சாலும் எழும்புதுதானே," என்றாள்.

முதல் வியாழக்கிழமை மடிகணினியோடு பஸ்ஸில் முருங்கனில் இறங்கியபோது மாமா சந்தியில் மோட்டார் சைக்கிளோடு நின்றார். முன்னறையில் மேசை போட்டிருந்தார்கள். நான் என்ன செய்கிறேன் என்று இருவருக்கும் தெரியாது, கேட்கவும் இல்லை. நான் தட்டிக்கொண்டிருக்கும்போது மாமி நடமாடும் சத்தம்கூடக் கேட்காது. என்னைக் குழப்பக்கூடாது என்று குசினியில் கோப்பைகளைக்கூட மெல்ல வைத்தார். முதல் இரண்டு கிழமையும் அது என் வீட்டைவிட அமைதியாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேரும் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். மாமா மழையைப் பற்றி ஒன்று சொல்வார். நான் ஓம் என்பேன்.

ஐப்பசியில் மழை விழுந்ததும் உழவு தொடங்கியது. எனக்குக் குழுவோடு கூட்டம் இருந்த நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் உழவு இயந்திரம் இறங்கிவிட்டது. நான் பேசப் பேச அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டு ஒலியை மூடப் போனேன். அது என்ன சத்தம் என்று ஒருவர் கேட்டார். பல வருடமாக என்னோடு வேலை செய்கிறவர், மென்பொருளில் உள்ள பிழைகளைத் தவிர வேறொன்றும் நாங்கள் கதைத்ததில்லை. நான் மடிகணினியைத் தூக்கி ஜன்னலுக்குத் திருப்பினேன். சேற்று வயலில் இயந்திரம் திரும்புவதையும் அதற்குப் பின்னால் கொக்குகள் இறங்குவதையும் அவர்கள் பார்த்தார்கள். அவர் தன் அப்பாவும் கமக்காரர்தான் என்றார். என்ன விதைப்பீர்கள் என்று கேட்டார். எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மாமாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அந்த நேரம் பார்த்து மாமி தேத்தண்ணியோடு வந்தார். கமரா திறந்திருப்பது அவருக்குத் தெரியாது. திரையில் உள்ளவர்கள் கை அசைத்தார்கள். அவர் கோப்பையை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

"ஆர் தம்பி இவையள்?"

"என்னோட வேலை செய்யிற ஆக்கள், மாமி."

"இவ்வளவு பேரோ? நான் நினைச்சன் நீங்கள் தனியத்தான் செய்யிறியள் எண்டு." கொஞ்சம் யோசித்தார். "சாப்பிட்டவையோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன். ஒருவர் இனித்தான் என்றார். ஒருவர் காட்டுவதற்காகக் கையிலிருந்த அப்பிளைத் தூக்கிப் பிடித்தார். மாமிக்கு அது சாப்பாடாகத் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கூட்டம் முடிந்ததும் ஒவ்வொரு முகமாக மறைந்தது. இயந்திரம் அடுத்த வயலுக்குப் போயிருந்தது. அறை பழையபடி அமைதியானது. குசினியில் மாமி, கூட்டம் முடிந்தது தெரியாமல், இன்னும் மெல்ல மெல்லத்தான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு மாமாவைத் தேடி வயல் பக்கம் நடந்தேன், என்ன விதைக்கப் போகிறார் என்று கேட்க.